தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு “ஆயுத ஏற்றுமதி”!

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு எவ்வளவு தூரம்? ஏறத்தாழ ஐந்து மைல். குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே நடந்துவிடலாம். ஆனால் வெள்ளையன் ஆட்சியில் இந்த ஐந்து மைலுக்குள் ஓர் எல்லை இருந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் இந்தியா. செங்கோட்டை திருவாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ந் தேதிதான் செங்கோட்டை நம்முடன் சேர்ந்தது.

1878-ல் வைசிராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷத்தில் வந்ததுதான். ஆயுதச் சட்டத்தின் ஆறாவது ஷரத்து என்ன சொல்லிற்று? கடல் வழியாகவோ தரை வழியாகவோ, லைசென்ஸ் இல்லாமல், ஆயுதத்தையும் வெடிமருந்தையும் ராணுவத் தளவாடத்தையும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியே கொண்டுபோகவும் கூடாது. எழுத்துப்படி பார்த்தால், லைசென்ஸ் இல்லாத தென்காசி விவசாயி ஒருவன், காட்டுப்பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியோடு செங்கோட்டைச் சந்தைக்குப் போனால் அது “ஆயுத ஏற்றுமதி”! மூன்று வருஷம் வரை ஜெயில். அதிகாரி கண்ணில் படாமல் ஒளித்துக் கொண்டுபோனால் ஏழு வருஷம் வரை.

துப்பாக்கியோடு விட்டார்களா? சர்க்கார் ஓர் அறிவிப்புப் போட்டால் போதும். ஈயம், கந்தகம், வெடியுப்புகூட ராணுவத் தளவாடம் ஆகிவிடும். மீனவன் வலையில் கட்டுகிற ஈயம்! நாட்டு வைத்தியன் மருந்தில் சேர்க்கிற கந்தகம்!

ஆனால் சீசனுக்குக் குற்றாலம் பங்களாவில் வந்து தங்கிய துரைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. முதல் உலக யுத்தம் முடியும் வரையில் வெள்ளையருக்கு விதிவிலக்கு இருந்தது. அவர் தோளில் இருந்தால் வேட்டைத் துப்பாக்கி. நம் ஆள் கையில் இருந்தால் குற்றம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இந்தச் சட்டத்தை மாற்றக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதுவும் எப்படி? ஜனங்களின் ராஜவிசுவாசத்தைக் காட்டிக் கேட்டது!

இந்தப் பயம் 1878-ல் பிறந்ததல்ல. நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் கும்பினிப் படை பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மன் உத்தரவு போட்டான். பிறகு 1857 வந்தது. அந்த நடுக்கம் தீராமல் எழுதப்பட்டதே லிட்டனின் சட்டம்.

சமாதானத்துக்காகத்தான் சட்டம் என்றார்கள். அப்படியானால் சர்க்கார் தானே நடத்திய ஏற்றுமதிக்கு என்ன பெயர்? 1885-ல் பர்மாவைப் பிடிக்கவும், 1900-ல் சீனத்து ஜனங்களை அடக்கவும் இந்தியச் சிப்பாய்களையும் அவர்கள் துப்பாக்கிகளையும் கப்பலேற்றினார்கள். முதல் உலக யுத்தத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். நீலகிரி அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வைத்தார்கள். அந்த மருந்தைச் செய்த தொழிலாளி அதில் ஒரு சிட்டிகையை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் கைதி!

சரி, சட்டம் துப்பாக்கியைத் தடுத்ததா? 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். திருவாங்கூர் எல்லைக்குள் புனலூரில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் சுடப் பழகியவர். கையிலிருந்தது அயல்நாட்டு பிரவுனிங் கைத்துப்பாக்கி. மூன்று ஆட்சிகளின் எல்லைகளும் ஆறாவது ஷரத்தும் அதைத் தடுக்கவில்லை. சட்டத்தில் சிக்கியதெல்லாம் பன்றி விரட்டுகிறவனின் துப்பாக்கிதான்.

வாஞ்சியின் துணிவை நாம் வணங்குகிறோம். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் வருணாசிரமக் கருத்தை நாம் ஏற்கவில்லை. ஒரு கலெக்டர் செத்தால் அடுத்த கலெக்டர் வருகிறான் என்பதும் நமக்குத் தெரியும்.

அதே ஆஷ், 1908-ல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தபோது, வேறொன்றையும் பார்த்தான். கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் செய்தார்கள். கையில் கம்புகூட இல்லை. வ.உ.சி.யும் சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். சில நாட்களில் முதலாளி கூலியை உயர்த்தினான். அதற்கு எந்த லைசென்ஸைக் கேட்பது? மார்ச் 12-ல் தலைவர்களைப் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழ, சுட்டு நால்வரைக் கொன்றார்கள். வ.உ.சி.க்குத் தண்டனை கொடுக்க ஆயுதச் சட்டத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை; ராஜத்துரோக ஷரத்தைத்தான் தேடி எடுத்தார்கள்.