உரப்பையில் பூனைக்குட்டிகள்



கினிகத்தேனையில் மழை விடாத இந்த நாட்களில், யாரோ உரப்பையில் கட்டி ரோட்டோரம் போட்ட நான்கு பூனைக்குட்டிகளைப் பிள்ளைகள் வகுப்புக்குத் தூக்கி வந்தார்கள். கண் திறந்து ஓரிரு நாள்தான் இருக்கும். இரண்டு மௌத்தாகிவிட்டன.

பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று அபூ கதாதா (ரழி) அறிவிக்கும் ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸையும்தான். பிறகு நம் வீடுகளிலிருந்தே உரப்பையும் போகிறது!

“யாராவது எடுத்து வளர்ப்பாங்க” என்கிறோம். குட்டிக்கு 8 வாரமாவது தாய் வேண்டும். பசும்பால் வைத்தால் பெரும்பாலும் வயிற்றோட்டம்தான்.

பெட்டைப் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம். 9 வாரத்தில் குட்டி போடும். பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். எத்தனை உரப்பை தேடுவது? கருத்தடை சத்திரசிகிச்சை ஒரு தடவை செய்தால் போதும். செலவுதான், சம்பளம் எடுக்கும் நமக்கே யோசனைதான். இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் முடியும். அரச மிருக வைத்தியரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். மார்க்கத்தில் கூடுமா என்று சந்தேகமிருந்தால் மௌலவியிடம் கேளுங்கள். உரப்பையில் கட்டுவதற்கு முன் மட்டும் யாரும் கேட்பதில்லை.

மிச்ச இரண்டு குட்டிகளும் இப்போது நம்மிடம். வளர்க்க விருப்பமானவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள், 8 வாரம் ஆனதும் தருகிறோம்.