எத்தனாலை பியூட்டனாலா மாத்திட்டா மைலேஜ் பிரச்னை தீருமா? கணக்கு என்ன சொல்லுது?

‘இ20 போட்டதுல இருந்து வண்டி மைலேஜே குடுக்கல’ என்ற புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெட்ரோலில் 20% எத்தனால் கலக்க 2030 வரை நேரம் வைத்திருந்த இந்தியா, அந்த இலக்கை 2025-க்கே முன்னால் இழுத்துக்கொண்டது. இப்போது பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. டீசலில் 10% ஐசோபியூட்டனால் கலப்பது பற்றி ஆய்வு நடப்பதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2025-ல் சொன்னார். அதனால், எத்தனாலைவிட ‘பெரிய’ ஆல்கஹால்கள் பற்றி இனி அடிக்கடி கேள்விப்படப் போகிறோம்.

பெரிய ஆல்கஹால்னா என்ன?

எத்தனாலில் 2 கார்பன் அணுக்கள். பியூட்டனாலில் 4. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் 21, பியூட்டனாலில் 27. எத்தனால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும். பியூட்டனாலோ 100 மில்லி தண்ணீரில் 7-8 கிராம் அளவுக்குத்தான் கரையும். டேங்க்குக்குள் ஈரம் சேரும் தலைவலி குறைவு.

எப்படி மாத்துறாங்க?

1899-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் மார்செல் கெர்பே இதற்கு வழி காட்டிவிட்டார். எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தால் அசிட்டால்டிஹைடு கிடைக்கும். அதில் இரண்டு மூலக்கூறுகளைக் கோத்து, பிரித்த ஹைட்ரஜனைத் திரும்பச் சேர்த்தால் பியூட்டனால். கூடவே கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான்.

இதை நடத்தி வைப்பது வினையூக்கி. கரையும் வகை வினையூக்கி, சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி; திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. திட வினையூக்கி அப்படியில்லை. ஃபில்டரில் காபித்தூள் மாதிரி குழாய்க்குள் அடைத்து வைத்து, எத்தனால் ஆவியை அதன் வழியே அனுப்பினால் போதும். இதில் அதிகம் ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் கனிமம்தான். மெக்னீசியம்-அலுமினியம் ஆக்சைடு கலவையில் செம்பு, நிக்கல் சேர்த்தும் முயல்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

ஒரே பரப்பில் அமிலத்தன்மையும் காரத்தன்மையும் அளவோடு இருக்க வேண்டும். அமிலம் கூடினால் எத்தனால் எத்திலீனாகவோ ஈதராகவோ திசை மாறிவிடும். சரி, வேகத்தைக் கூட்டலாம் என்றால், உருவான பியூட்டனால் சும்மா இருக்காது. இன்னும் 2 கார்பனைச் சேர்த்துக்கொண்டு ஹெக்சனால், பிறகு ஆக்டனால் என்று வளர்ந்துகொண்டே போகும். அதாவது, அதிகமாக மாற்றினால் கலப்படமான சரக்கு. சுத்தமான சரக்கு வேண்டும் என்றால் கொஞ்சமாகத்தான் மாற்ற முடியும். மீதி எத்தனாலைப் பிரித்து மறுபடி குழாய்க்குள் அனுப்ப வேண்டும். ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு 300 டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூடு வேறு தேவை.

மைலேஜ் கணக்கு

20% எத்தனால் கலந்த பெட்ரோலில், சுத்தமான பெட்ரோலைவிட லிட்டருக்குச் சுமார் 7% ஆற்றல் குறைவு. இ20-க்காக வடிவமைக்கப்படாத கார்களில் 6-7% மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனாலுக்குப் பதில் அதே 20% பியூட்டனால் என்றால் ஆற்றல் குறைவு சுமார் 3%தான். சூப்பர், இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். வினை நூறு சதவீதம் ஒழுங்காக நடந்தாலும், 100 லிட்டர் எத்தனாலிலிருந்து சுமார் 78 லிட்டர் பியூட்டனால்தான் கிடைக்கும். முன்பு இருந்தது 2,100 மெகாஜூல். மாற்றிய பிறகும் கிட்டத்தட்ட அதே 2,100தான். பெரிய பாத்திரத்துச் சோற்றைச் சின்னப் பாத்திரத்தில் அழுத்தி வைத்த மாதிரி. சோறு கூடவில்லை. சூடாக்கவும் பிரிக்கவும் ஆகும் செலவு தனி. அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போ இந்த ஆராய்ச்சி வேஸ்ட்டா?

இல்லை. ஆனால் பெட்ரோல் பங்க்கை மட்டும் பார்த்தால் தவறான இடத்தில் பலன் தேடுகிறோம் என்பதே என் கருத்து. பெயின்ட், பசை, கரைப்பான் என்று பல தொழில்களுக்கு பியூட்டனால் மூலப்பொருள். இன்று அது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வரும் புரொப்பிலீனில்தான் தயாராகிறது. இந்தியா அதை இறக்குமதியும் செய்கிறது. காருக்காவது மின்சாரம் என்ற மாற்று இருக்கிறது. பெயின்ட்டுக்கு கார்பன்தான் வேண்டும். பேட்டரியால் பெயின்ட் செய்ய முடியாது. திட வினையூக்கி முதலில் போக வேண்டிய இடம் அங்கேதான்.

இன்னொரு விஷயம். எத்தனால் கரும்பிலிருந்து வந்ததா, அரிசியிலிருந்து வந்ததா, வைக்கோலிலிருந்து வந்ததா என்று வினையூக்கி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க பானிபட்டில் 2022-ல் இந்தியன் ஆயில் ஆலை திறக்கப்பட்டது. அந்த வழி வளராமல், தண்ணீரைக் குடிக்கும் கரும்பையும் சாப்பிடும் தானியத்தையும் நம்பியே பியூட்டனாலுக்கும் இலக்கு வைத்தால், பழைய பிரச்னைக்குப் புதுப் பெயர் வைத்ததாகத்தான் இருக்கும். எனவே அடுத்த கலப்பு இலக்கை அறிவிக்கும் முன்பு, எந்தப் பயிர், எவ்வளவு தண்ணீர், லிட்டருக்கு என்ன செலவு என்ற மூன்று கணக்கையும் அரசு பொதுவில் வைக்கட்டும்.