முள் ஏறியதும் சொல்லுங்கள்

தடாவில் வாழும் எங்களுக்கு மணல் புதிதன்று. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அதற்கப்பால் ஸ்ரீஹரிக்கோட்டாவின் மணல்திட்டு. அதையும் கடந்தால் வங்கக் கடல். மணலைப் பார்த்துப் பழகியவர்கள் என்ற நினைப்போடுதான் சென்ற டிசம்பர் விடுமுறையில் மூன்று குடும்பங்கள், மூன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து இராஜஸ்தானின் ஜெய்சல்மேரை அடைந்தோம். தார்ப் பாலைவனத்தின் மணல்மேடுகளில் இரண்டு நாட்கள் ஓட்டிப் பார்ப்பது எங்கள் எண்ணம். மூன்றில் ஒரு வண்டி எங்களுடையது. அதன் கடன் தவணை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன.

இத்தகைய பயணங்கள் நம்மவரிடையே பெருகி வருகின்றன. வாடிக்கையாளர் பலர் வாகனக் கடன் கேட்டு வரும்போதே பாலைவனக் கனவையும் உடன் கொண்டு வருகிறார்கள். பேச்செல்லாம் வண்டியின் வலிமையைப் பற்றியதாகவே இருக்கிறது. எங்கள் கருத்து வேறு. மணலில் ஒரு வண்டி அணியைக் காப்பது எஞ்சினின் வலிமையைவிட, குறையை அது தோன்றிய கணத்திலேயே வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான்.

வலிமை மட்டும் போதாது என்பதற்கு அந்த மண்ணிலேயே சான்று உண்டு. ஜெய்சல்மேருக்கு வடமேற்கே லோங்கேவாலா என்னும் எல்லைக் காவல் நிலையம் இருக்கிறது. 1971 டிசம்பர் 4 இரவு பாகிஸ்தானின் டாங்கிப் படை அதை நோக்கி வந்தது. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் ஏறத்தாழ 120 வீரர்கள் விடியும்வரை தாக்குப்பிடித்தனர். தரையின் தன்மையை முன்கூட்டி ஆராயாமல் வந்த டாங்கிகளும் வண்டிகளும் இளமணலில் புதைந்தன. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து எழுந்த ஹண்டர் விமானங்களுக்கு அவை இலக்காயின. அங்குள்ள போர் நினைவிடத்தில் நின்றபோது, மணலுக்கு எண்ணிக்கையும் எடையும் ஒரு பொருட்டல்ல என்பது எங்களுக்கு விளங்கியது.

மாறாக, வலிமை குறைந்த வண்டிகளால் பாலைவனத்தை வென்றவரும் உண்டு. 1920களின் பிற்பகுதி முதல் எகிப்தின் மேற்கேயுள்ள லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்றவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. அவருடைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு இல்லை. டயர்க் காற்றைக் குறைத்தார். புதைந்த சக்கரத்தின் அடியில் எஃகுத் தகடுகளை இட்டார். ரேடியேட்டரிலிருந்து எழும் ஆவியை வீணாக்காமல் பிடித்து, மீண்டும் நீராக்கிப் பயன்படுத்தினார். குறை எங்கே நேரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கு வழி தேடியதே அவருடைய பலம்.

ஜெய்சல்மேரில் நாங்கள் அமர்த்திய வழிகாட்டியும் அதே பாடத்தைத்தான் சுருக்கமாகச் சொன்னார். 32 அளவில் இருந்த டயர்க் காற்றை 18க்குக் குறைக்கச் செய்தார். மணல்மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் வண்டி கவிழும். நிறுத்துவதாயின் இறக்கத்தை நோக்கி நிறுத்த வேண்டும். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால், உடனே நிற்க வேண்டும். கானமயில் வாழும் பாலைவன தேசியப் பூங்காவின் பக்கம் சக்கரம் செல்லக் கூடாது. இறுதியாக, "எது சரியில்லை என்றாலும் வாக்கி-டாக்கியில் சொல்லுங்கள்" என்றார். எல்லாரும் தலையசைத்தோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் எங்கள் வண்டி கடைசியாகச் சென்றது. எஞ்சினின் வெப்பம் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்த துணைவியார் முதலில் கண்டு, "முள் ஏறுகிறதே, சொல்லிவிடுங்களேன்" என்றார். "அடுத்த மேட்டைத் தாண்டட்டும்" என்றோம். முதல் நாள் இரண்டாம் வண்டிக்காரர் ஒரு சிறு சத்தத்துக்காக அணியை நிறுத்தியபோது, அவரைக் கேலி செய்தவர்களில் நாங்களும் இருந்தோம். இப்போது நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது மேட்டில் முள் சிவப்பைத் தொட்டது. ஆவி எழுந்தது, வண்டி இளமணலில் அச்சுவரை இறங்கியது. முன்னால் சென்ற வண்டிகள் மேட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டன. பின்னிருக்கையில் குழந்தைகள் பேச்சை நிறுத்தினார்கள். கண்ணாடியில் எங்களைக் காணாத வழிகாட்டி திரும்பி வரும்வரை கழிந்த சில நிமிடங்களை இன்றும் மறக்க முடியவில்லை.

ரேடியேட்டரின் முன்வலையில் உலர்ந்த புல்லும் மணலும் அடைத்திருந்தன. கொதிக்கும்போது மூடியைத் திறக்கலாகாது என்பதால் ஆறும்வரை காத்திருந்தோம். குழந்தைகளுக்கென வைத்திருந்த குடிநீரில் 12 லிட்டரை அதில் ஊற்றினோம். மணலை அள்ளி, கயிறு கட்டி இழுத்து வெளியேறியபோது இருட்டிவிட்டது. டிசம்பர் இரவில் அங்கே வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. மூன்று வண்டிகளிலும் இருந்த எல்லாக் குழந்தைகளும் அந்தக் குளிரில் நடுங்கினார்கள். வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. "முதலிலேயே சொல்லியிருந்தால் ஏசியை அணைத்து, காற்று வரும் திசையில் முகப்பைத் திருப்பி, வலையைத் துடைத்திருப்போம். பத்து நிமிட வேலை" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. கிளையில் நாள்தோறும் மற்றவர்க்கு நாங்கள் சொல்வது அதுவேயன்றோ? தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கணக்கு வாராக்கடனாகிறது. அதற்கு முன்பே 30 நாட்கள், 60 நாட்கள், 90 நாட்கள் என மூன்று படிகளாக அது கண்காணிக்கப்படுகிறது. வண்டியில் ஏறும் முள்ளைப் போன்றவை இப்படிகள். முதற்படியிலேயே வந்து சொல்பவருக்குச் செய்யக்கூடியது பல உண்டு. சரக்கு வண்டி வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் நூறாவது நாளில் வந்து, "அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றிருந்தோம்" என்றார். அவரிடம் நாங்கள் காட்டிய வருத்தத்தில் சிறிது கண்டிப்பும் கலந்திருந்தது. "அடுத்த மேட்டைத் தாண்டட்டும்" என்று நாங்களே சொன்ன பிறகுதான் அவருடைய மனநிலை புரிந்தது.

ஒவ்வொரு சிறு ஐயத்துக்கும் அணியை நிறுத்தினால் பயணம் எப்படி நகரும் என்று கேட்கலாம். சொல்வது வேறு, நிற்பது வேறு. சொல்ல அரை நிமிடம் போதும். கேட்டபின் தொடர்ந்து செல்வதென்று முடிவு செய்தாலும், அது எல்லாரும் அறிந்து எடுத்த முடிவாகும். ஒருவர் மட்டும் அறிந்து மறைத்தால், அறியாத மற்றவர்களின் குடிநீரையும் பகற்பொழுதையும் அவர் செலவழிக்கிறார்.

ஆயினும் மறைத்தவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. முதல் நாள் நாங்கள் சிரிக்காதிருந்தால், மறுநாள் எங்களுக்கே நாவெழுந்திருக்கும். குறையைச் சொன்னவர் கேலிக்கோ கடிந்துரைக்கோ ஆளாகும் இடத்தில் அடுத்தவர் வாய் திறப்பதில்லை. இது குடும்பத்துக்கும் பொருந்தும். வங்கியின் மேசைக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் எங்களுக்கும் பொருந்தும்.

மூன்று குடும்பங்களும் அடுத்த டிசம்பரில் மீண்டும் செல்லத் தீர்மானித்துள்ளோம். இம்முறை ஒரு விதியைச் சேர்த்திருக்கிறோம். அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் எரிபொருள், எஞ்சின் வெப்பம், குடிநீர், உள்ளிருப்போர் உடல்நிலை ஆகிய நான்கையும் கேளாமலே சொல்ல வேண்டும். சொல்லும் பொறுப்பு ஓட்டுநருடையதன்று. பக்கத்து இருக்கையில் இருப்பவருடையது. எங்கள் வண்டியில் வாக்கி-டாக்கி இனித் துணைவியார் கையில் இருக்கும்.