மலையிலிருந்து கடலுக்கு

மார்கழி கழிந்து தை பிறந்ததும் மலைநாட்டிற் பனி கடுமையாகின்றது. இமயத்தைப் போல இங்கே வெண்பனி பெய்வதில்லை. எனினும், நுவரெலியாப் பள்ளத்தாக்குகளிற் சில விடியற்காலைகளில் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடுவதுண்டு. இக்குளிரை அனுபவிக்கக் கொழும்பார் மேலே வருகின்றனர்; டிக்கோயாவின் பிள்ளைகளோ கடல் காணக் கீழே போகின்றனர். இச்சுற்றுலாக்களைப் பற்றி ஆசிரிய அன்பர்களிடம் ஒன்று கூற விரும்புகின்றேன்.

விடியுமுன் பஸ் புறப்படுகின்றது. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என ஊர்கள் கடக்கின்றன. போர்வைகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. தேயிலை மறைந்து இறப்பரும், பின்னர் தென்னையும் தோன்றுகின்றன. பிள்ளைகள் பாடுகின்றனர், களைத்து உறங்குகின்றனர். கடற்கரையில் ஓரிரு மணி நேரம். மறுவாரம் கட்டுரை எழுதுகின்றனர்: "கடல் மிக அழகாக இருந்தது." பிழையில்லைதான். ஆனால், எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடிய வாக்கியமல்லவா அது? டிக்கோயாப் பிள்ளை மட்டுமே எழுதக்கூடியது எங்கே?

அது அந்தப் பாதையிலேயே கிடக்கின்றது. டிக்கோயாவுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பின் வடபால் கடலை அடைகின்றது. கித்துல்கலவில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படமாக்கப்பட்டதைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. அங்கே ஓடுவது நம் வீட்டு வாசலில் ஓடிய தண்ணீரே என்பதைச் சொல்வார்தாம் இல்லை. அந்நீரே 1950இல் லக்ஷபான மின்நிலையத்தை இயக்கத் தொடங்கியது. ஒளி நகருக்கு முந்திச் சென்றது. நம் லயங்கள் பலவற்றுக்கு மிகப் பிந்தியே வந்தது. 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கிய நாள்முதல் நம் தேயிலையும் இவ்வாறே கீழிறங்குகின்றது.

நீரும் ஒளியும் கொழுந்தும் இறங்கின. மக்களோ கடலிலிருந்து ஏறி வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடே மாத்தளைக்கு நடந்த நம் முன்னோரில் வழியில் மாண்டவர் பலர். அந்நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது.

அம்மக்களுள் இறங்க நேர்ந்தவர்களும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாரில் முதன்முறையாகக் கடலைக் கண்ட பிள்ளைகளுக்கு அது சுற்றுலாவாக இருந்திருக்குமா? எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகிழப் போகும் பிள்ளைகளின் தலையில் துயரத்தை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பிள்ளைகள் பாடட்டும், அலையில் நனையட்டும். யான் வேண்டுவது சொற்பொழிவன்று. புறப்படுமுன் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடம், "நம் ஆட்கள் எந்த வழியாக இந்த மலைக்கு வந்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். விடையைக் கொப்பியில் எழுதி எடுத்து வரட்டும். பஸ் களனியை ஒட்டி இறங்கும்போது அவற்றுள் இரண்டொன்றை வாசிக்கட்டும்.

அம்முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அழியும் செய்தியை எந்த நூல்நிலையத்திலும் தேடிப் பெற இயலாது. அந்தக் கொப்பிகளைப் பாடசாலை அலுமாரியிற் பத்திரப்படுத்தினால், மலையகத்தின் வரலாற்றை நாளை எழுத வருபவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான். பிள்ளையும், கடல் அழகாக இருந்தது என்பதோடு நிறுத்தமாட்டான். அக்கடலைத் தன் பாட்டன் எப்போது கண்டான் என்பதையும் எழுதுவான்.