சூதுக்கூடத்தில் பணப்பொறி எதற்கு?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், சூதாட்ட இயந்திரங்கள் வைத்துள்ள விடுதிகளிலிருந்தும் மன்றங்களிலிருந்தும் ஏ.டி.எம். பொறிகள் 2012 ஜூலை முதல் தேதியோடு அகற்றப்பட்டன. ஆட்டம் தடுக்கப்படவில்லை, ஆடுவோன் கைக்கும் அவனது வங்கிக் கணக்குக்கும் இடையே சற்றே தூரம் வைக்கப்பட்டது. இதைக் கேட்டு நம்மவருள் சிலர் நகைக்கின்றனர். "சூதுக்கு உரிமம் வழங்கி, வரியும் வாங்கிக்கொண்டு, பணப்பொறியை மட்டும் அகற்றுவது கள்ளுக்கடையைத் திறந்துவிட்டுக் குவளையைச் சிறிதாக்குவது போன்றதன்றோ?" என்கின்றனர்.

இந்த நகைப்பை நாம் ஏற்பதற்கில்லை.

சூது ஹராம். மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதை மதுவோடு சேர்த்து விலக்கிய பின் அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆயினும் அதே திருமறை, விபசாரம் செய்யாதீர் என்பதோடு நில்லாமல், அதனை நெருங்கவும் வேண்டாமெனத் தடுத்தது ஏன்? தீமைக்கு இட்டுச் செல்லும் வழியையே அடைக்க வேண்டும் என்பதனாலன்றோ? இதனையே சட்டக்கலை அறிஞர்கள் 'ஸத்துத் தராயிஃ' என்றனர். முழுவதும் கிட்டவில்லை என்பதற்காக முழுவதையும் கைவிடலாகாது என்பதும் அவர்கள் வகுத்த நெறியே. முஸ்லிமல்லாத ஓர் அரசு தன்னையறியாமல் அந்த வழியில் ஓரடி வைத்தால் நாம் மகிழ வேண்டாவா?

அந்த ஓரடி வீண்போகவுமில்லை. 2013இல் வெளியான ஸ்வின்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு, இவ்விதியால் அவ்விடுதிகளிலும் மன்றங்களிலும் இயந்திரங்களில் இழக்கப்படும் பணம் சுமார் 7 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.

"அவன் பணம், அவன் விருப்பம்" என்பது விடுதிக்காரர் வாதம். வீட்டைவிட்டுப் புறப்படும்போது எடுத்துவைத்தது அவன் விருப்பம் எனலாம். தோற்றுத் தோற்று அறிவு மயங்கிய நள்ளிரவில் மீண்டும் மீண்டும் பொறியிலிருந்து உருவுவது விருப்பமா, வெறியா? அப்பணத்தில் மனைவி மக்களின் நஃபகா அடங்கியிருக்கிறதே! இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு, சூதுக்கு அடிமையான மிகச் சிலரிடமிருந்தே வருகிறது என 2010இல் அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. அந்தச் சிலரின் வீட்டு அடுப்பை அணைத்தே இவர்கள் விளக்கு எரிகிறது.

விதியில் ஓட்டை உண்டு. பொறி போனபின்னும் பணியாளரிடம் அட்டையை நீட்டிப் பணம் பெறும் வழி இருந்தது. ஆயினும் பொறிக்குக் கண்ணில்லை, மனிதனுக்கு உண்டு. மற்றொருவர் முகம் பார்த்துக் கேட்கையில் எழும் நாணம் சிலரையேனும் திருப்பி அனுப்பும். நாணம் ஈமானின் ஒரு கிளையென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். சுவரையே இடிக்கச் சொல்லாதீர்கள்.

எங்கோ நடப்பது நமக்கெதற்கு எனக் கேட்பீரோ? இன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையிலுள்ள கைபேசி சூதுக்கூடமாகவும் பணப்பொறியாகவும் ஒருங்கே ஆகக்கூடியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவற்றுக்கு வங்கிகள் பணம் கடத்துவதையும் தடுத்தது அதனால்தான். சட்டம் வங்கியின் வாசலைக் காக்கும். வீட்டின் வாசலை யார் காப்பது? பிள்ளையின் கைபேசியில் பணம் எங்கே போகிறதென்று கேட்க நாணும் தகப்பன், விக்டோரியாவைப் பார்த்து நகைக்கும் தகுதியை இழந்தவனே.