பொறுத்தார் பொத்தான் ஆள்வார்

மேட்டூரில் பொத்தானை அழுத்தினால் உடனே கல்லணையில் தண்ணீர் வந்துவிடுமா? வராது என்று தஞ்சை ஜில்லாவில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும். 2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையில் பொத்தானை அழுத்தி மதகுகளைத் திறந்தார்கள். கல்லணையைத் திறந்தது 15-ந் தேதி. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பங்கு பிரித்துவிட வேண்டும். அப்புறம் லஸ்கர்கள் கரையோடு நடந்து, ஒவ்வொரு மதகாகப் பார்த்துத் திறப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஊரில் கரை உடையும். கடைமடையில் வயல் காயும்.

ஆற்றிடம் இவ்வளவு பொறுமை காட்டுகிற நாம், செல்போனிடம் மட்டும் ஏன் இத்தனை அவசரப்படுகிறோம்? "அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது, உயிரே வரவில்லையே!" என்ற புலம்பல் எந்த வீட்டில்தான் கேட்கவில்லை?

வாசகிகள் முதலில் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்விசிறிக்குச் சுவரில் இருப்பது ஸ்விட்ச். போட்டால் மின்சாரம் பாயும்; நிறுத்தினால் நிற்கும். செல்போனின் விளிம்பில் இருக்கும் பொத்தான் அப்படிப்பட்டதல்ல. அது வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி! உள்ளே ஒரு காவல்காரர் இருக்கிறார். மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப் என்று அவருக்குப் பெயர். செல்போன் அணைந்திருக்கும்போதும் அவர் துளி மின்சாரத்தை உண்டு விழித்திருப்பார்.

மணி அடித்ததும் அவர் கதவைத் திறந்துவிட மாட்டார். பொத்தானை ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளேயிருக்கும் தகடு சில தடவை துள்ளும். ஆகையால் ஒரு கணம் பொறுத்து, "நிஜமாகத்தான் அழுத்தினார்களா, கைப்பையில் உரசியதா?" என்று நிச்சயப்படுத்திக் கொள்வார். அடுத்தபடி பாட்டரியில் போதுமான சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அசைய மாட்டார்.

எல்லாம் சரியென்றால்தான் மதகு திறக்கும் வேலை. நிரம்பிய பாட்டரியில் சுமார் 4.2 வோல்ட் இருக்கும். செல்போனின் மூளைக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட்; மற்ற உறுப்புகள் சிலவற்றுக்கு 1.8, வேறு சிலவற்றுக்கு 3.3. காவல்காரர் ஒவ்வொன்றுக்கும் அளந்து விடுகிறார். அதுவும் வரிசைப்படி! ஒரு கால்வாயில் மட்டம் சரியாக நின்றது என்று தகவல் வந்த பிறகே அடுத்ததைத் திறப்பார். வரிசை தப்பினால் சில சிப்புகளில் மின்சாரம் போகக்கூடாத வழியில் பாய்ந்து, சூடேறி, அவை கெட்டே போகும். அணைக்கும்போது பெரும்பாலும் இதே வரிசை தலைகீழாக நடக்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு திரையில் படம் வரத் தாமதமாவது, மூளை எழுந்து தன் பாடங்களைப் படிப்பதால்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. எத்தனையோ கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வெளியூர்ப் பிள்ளைக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்ல இருந்த ஒரே வழி செல்போன். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களைத் தேடிப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள்.

அப்படி அடியோடு காலியான செல்போனில் ஒயரைச் செருகினாலும் சற்று நேரம் ஒன்றும் தெரியாது. பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் விருந்து போடுவோமா? கஞ்சித் தெளிவைத்தானே முதலில் கொடுப்போம்? அந்தச் சிப்பும் முதலில் மிகக் குறைவாகவே மின்சாரம் ஊட்டும். பொத்தானைத் தொடாமல் ஒரு கால் மணி விட்டுவிட்டுப் பாருங்கள். பலமுறை அது பிழைத்துக் கொள்ளும். "செத்துவிட்டது" என்று கடைக்கு ஓட வேண்டாம்.

இன்னொன்று. திரை உறைந்து நின்றுவிட்டால் பொத்தானை நீள அழுத்தலாம். கம்ப்யூட்டரில் சுமார் 4 விநாடி. செல்போனில் அதைவிட அதிகம், சிலவற்றில் ஒலிப் பொத்தானையும் சேர்த்து. மூளை மயங்கிக் கிடந்தாலும் காவல்காரர் விநாடிகளை எண்ணிக் காரியத்தை முடிப்பார். ஆனால் தினமும் இப்படிச் செய்வது சரியல்ல. பேத்தியின் கல்யாணப் படத்தை எழுதிக் கொண்டிருக்கும்போது மதகை அடித்து மூடினால், படம் பாதியில் போய்விடக்கூடும். திரையில் கேட்டு, முறைப்படி அணைப்பதே நல்லது.

மணியை ஒரு முறை அடியுங்கள். காவல்காரருக்குக் காது கேட்கும்!