பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் நம் நாட்டில் 1985-இன் கடைசியில் விற்பனைக்கு வந்தது, 1996-இல் நின்றுபோனது. சட்டத்தில் ஒரு தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குமேல் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். பழம்பெரும் வண்டிகளைக் காப்பதற்கென்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் ஒரு தனி விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் அதில் இடம்பிடிக்க வண்டி பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அப்படியானால் முதன்முதலில் வந்த ஆர்.எக்ஸ். 100-க்கே 2035 வரை காத்திருப்புதான். 15-ஐத் தாண்டி 50-ஐத் தொடாத இந்த 35 ஆண்டுகளில் அந்த வண்டிக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. பழசு, அவ்வளவுதான்.

வாழப்பாடியில் லேத் பட்டறை வைத்து இன்ஜின் வேலை பார்க்கிறேன். பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், அருநூற்றுமலை அடிவாரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிளாக்கும் கிராங்கும் சாக்குப்பையில் சுற்றி என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்களில் பாக்கு வியாபாரி உண்டு, மரவள்ளி போடுகிற விவசாயி உண்டு, அப்பாவின் வண்டியை ஓட்ட ஆசைப்படும் கல்லூரிப் பையனும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “சாமான் கிடைக்குமாங்ணா?” அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாத நிலை ஏன் வந்தது என்பதைப் பொதுவில் பேச வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1980-களில் ஜப்பான் வண்டிகள் நம் ஊருக்குத் தனியாக வரவில்லை. ஒவ்வொன்றும் ஓர் இந்தியக் கம்பெனியோடு கைகோத்து வந்தது. ஓசூரில் டி.வி.எஸ். கூட்டில் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100, 1984-இல். அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100, எஸ்கார்ட்ஸ் கூட்டில் ஆர்.எக்ஸ். 100. அதற்கும் அடுத்த ஆண்டு பஜாஜ் கூட்டில் கவாசாகி கே.பி. 100. இந்த நான்கு கூட்டில் ஒன்றுகூட இன்று இல்லை. டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் 2001-இல் பிரிந்தன. எஸ்கார்ட்ஸ் தன் பங்கை யமஹாவிடம் விட்டு அதே 2001-இல் முழுதாக வெளியேறியது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. பஜாஜ்–கவாசாகி உறவு 2017-இல் முடிந்தது. கம்பெனிகளுக்கு அது வியாபாரக் கணக்கு. வண்டி வாங்கியவனின் நிலையோ பெற்றோர் விலகிப்போன வீட்டுப் பிள்ளையின் நிலை. ஏ.எக்ஸ். 100-க்கு ஒரு கியர் வேண்டுமென்றால் டி.வி.எஸ். கடையில் அது சுசுகி என்பார்கள். சுசுகி கடையிலோ அந்தக் காலத்து வண்டி எங்களுடையது அல்ல என்பார்கள்.

ஆர்.எக்ஸ். 100-இன் கதி இவற்றில் கொஞ்சம் தேவலாம். ஆசைப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் கிளட்ச் பிளேட், கேபிள், ரிங் செட், லைட் என்று பலர் செய்து விற்கிறார்கள். கிடைக்காதவை பிளாக், கிராங்க் கேஸ், நல்ல கியர், பழைய மிக்குனி கார்புரேட்டர், மீட்டர். டி.வி.எஸ்.–சுசுகி கூட்டில் வந்த ஷோகன், சாமுராய், பஜாஜ் கூட்டின் கே.பி. 100 வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு காலத்தில் நம் கிராமங்களில் மூட்டையும் பால் கேனும் சுமந்த சுசுகி மேக்ஸ் 100-ஐ யாரும் அழகுக்காகச் சேர்த்துவைப்பதில்லை. ஆகவே அது சத்தமில்லாமல் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உழைத்த வண்டி என்ற வகையில் அதற்குத்தான் என் முதல் மரியாதை.

சாமான் தேடுகிறவன் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் சேலம், பிறகு சென்னை ஜி.பி. ரோடு, அங்கும் இல்லையென்றால் புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு, கடைசியில் டெல்லி கரோல் பாக். இந்தப் பாதை நெடுக இரண்டு ஆபத்துகள் நிற்கின்றன. ஒன்று போலி. கம்பெனி பெயர் அச்சடித்த கவரில், ஹாலோகிராம் ஒட்டி, உள்ளே மட்டமான ரிங். பேளூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று சொல்லிக் கொடுத்த பிஸ்டனை, புது வண்டிச் சாமானின் விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்கி வந்தார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் மேலும் கீழும் அளவு ஒழுங்கில்லை. தொடக்க காலத்தில் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு இன்று கண்டதையெல்லாம் ஜப்பான் என்று விற்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து பெரியது. திருட்டு. சாமான் அருகிப்போக வண்டி விலை ஏறுகிறது. விலை ஏற ஏற வாசலில் நிற்கும் வண்டி காணாமல் போகிறது, பிரிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகிறது. இன்ஜின் எண்ணைத் தேய்த்த கிராங்க் கேஸ் என் பட்டறைக்கு வந்தால் நான் கைவைப்பதில்லை. எல்லாப் பட்டறையும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. செயின் அறுந்து அடித்துக் கேஸ் உடைந்த ஒருவருக்கு நேர்வழியில் புதுக் கேஸ் வாங்க ஓர் இடம் இருந்தால், அவர் ஏன் அந்தச் சந்தைக்குப் போகப்போகிறார்?

ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியின் பிளாக்குக்குப் போர் போடுவதை, அதாவது தேய்ந்த உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவதை, பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, இந்தத் தொழில் ஏன் அழியக்கூடாது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆர்.எக்ஸ். 100-இன் பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், ஓட்டமும் 50. தேய்ந்துபோனால் கால் மில்லி, அரை, முக்கால், ஒரு மில்லி என்று நான்கு ஓவர்சைஸ் வரை போகலாம். அதற்குமேல் பழைய சுவரை எடுத்துவிட்டு ஸ்லீவ் என்ற புது உள்ளுறை அடிக்க வேண்டும். சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்குதான். இறுக்கிவிட்டால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தளர்த்திவிட்டால் தட்டும். போர் முடிந்து, ஹோனிங் போட்டு, கழுவித் துடைத்தபின் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஆயில் நிற்பது அந்தக் கோடுகளில்தான். இதோடு வேலை முடிந்ததாக நினைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. சுவரில் திறந்திருக்கும் போர்ட்டுகளின் ஓரம் போர் போட்டதால் கத்தி முனையாக நிற்கும். அதைக் கையால் மழுக்க வேண்டும். விரல் நுனியால் தடவித் தடவித்தான் பதம் பார்க்க வேண்டும். மழுக்காமல் விட்டால் ரிங் அந்த ஓரத்தில் மாட்டி உடையும். உடைந்த துண்டு பிஸ்டனையும் ஹெட்டையும் கொத்திவிடும். கிடைக்காத ஒரு பிளாக் அத்தோடு போயிற்று. இதை எந்த ஐ.டி.ஐ. பாடமும் இன்று கையோடு சொல்லித் தருவதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வேலை கற்ற பையன்கள் என்னிடம்தான் கற்றார்கள், நான் என் முதலாளியிடம்.

புகை விடுகிற வண்டிக்கு ஏன் இத்தனை பரிவு என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டூ ஸ்ட்ரோக்கில் புதிதாக வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். அந்த இன்ஜின் காலாவதியானதற்குக் காரணமும் அதுதான். அதை நிறுத்திய முடிவில் தவறில்லை. லட்சக்கணக்கில் அவை மறுபடி ரோட்டுக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருப்பவை கொஞ்சம், ஓடும் தூரமும் கொஞ்சம். அதிலும் கன்னாபின்னாவென்று புகைக்கும் வண்டியில் பெரும்பாலும் கோளாறு இருக்கிறது. “பிஸ்டன் போயிருச்சுங்ணா” என்று கொண்டுவருவார்கள். பிரித்தால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் செத்திருக்கும். கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கும். சீல் சின்ன சாமான். அது தரமாகக் கிடைத்தால் அந்தப் புகை நிற்கும். 2000 மார்ச்சுக்கு முன் வந்த இரு சக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்று வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்காகச் சோதியுங்கள். தேறாத வண்டியை நிறுத்துங்கள். சைலன்சரில் ஓட்டை போட்டு ஊரை எழுப்புகிறவர்களுக்கும் அபராதம் போடுங்கள். அவர்கள் வண்டியை நேசிக்கிறவர்கள் அல்ல.

20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 2,000 ரூபாய். மாநிலப் பசுமை வரி தனி. கட்டச் சொன்னால் கட்டுகிறோம். கட்டுகிறவனுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? பழைய வண்டி வைத்திருப்பதற்குப் பணம் வாங்குகிற அரசு, அந்தப் பழைய வண்டி பழுதில்லாமல் ஓட ஒரு வழியும் செய்யவில்லை.

ஜப்பானிலேயே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிசான் தன் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்32-க்குப் பழைய பாகங்களை 2017-இல் மறுபடி செய்யத் தொடங்கியது. மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையை அதே காலத்தில் அறிவித்தது. டொயோட்டா 2020-இல் சுப்ரா, 2000 ஜி.டி. கார்களுக்குப் பாகம் தர முன்வந்தது. கவாசாகி, 1972-இல் வந்த தன் இசட்1 மோட்டார் சைக்கிளுக்குச் சிலிண்டர் ஹெட்டைப் புதிதாக வார்த்துக் கொடுத்தது. அவர்களுக்கு முடியாததல்ல இது. பணக்காரர் சேர்த்துவைக்கும் வண்டிக்குச் செய்கிறார்கள், நம் விவசாயி ஓட்டிய நூறு சி.சி. வண்டிக்குச் செய்யவில்லை.

அவர்களே செய்ய வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் கட்டிய ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. கோவையில் வார்ப்படத்துக்குப் பஞ்சமில்லை. இப்படிப்பட்ட வட்டாரத்துக்கு ஒரு நூறு சி.சி. கியரும் பிளாக்கும் செய்யத் தெரியாதா? கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது. இல்லாதவை மூன்று: சரியான வரைபடம், உலோகத்தின் தரக்குறிப்பு, செய்து விற்க அனுமதி. ஒரு மாடலை நிறுத்தி 20 ஆண்டு ஆன பிறகும் பாகம் தராத கம்பெனி, அந்தப் பாகத்தின் வரைபடத்தை வெளியிட வேண்டும். பதிவு பெற்ற சிறுதொழில் கூடங்கள் தங்கள் சொந்தப் பெயரில் அதைச் செய்து விற்கலாம். போலிக் கவருக்கு அப்போது வேலையிருக்காது. மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்ப்பு உரிமைக்கு ஒரு குழு போட்டது. வாகனங்களையும் அதில் சேர்த்தது. நின்றுபோன மாடல்களும் அந்த உரிமைக்குள் வர வேண்டும். கூடவே, 25 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல், புகைச் சோதனையில் தேறிய வண்டிக்குத் தனி வகைப் பதிவு வேண்டும். தினசரி சவாரிக்கல்ல, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்துக்கூடக் கொடுக்கலாம்.

இவை நடக்க நாளாகலாம். அதுவரை வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மாட்டுக்கொட்டகையிலோ மாடிப்படி அடியிலோ அப்படி ஒரு வண்டி நின்றால், ஆர்.சி. புத்தகத்தை முதலில் தேடி எடுங்கள். பதிவு முடிந்திருந்தால் புதுப்பியுங்கள். மெக்கானிக் வேறு பிளாக் மாற்றினால் பழைய பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். எடைக்குப் போட்டால் சில கிலோ இரும்பின் காசு வரும். ஸ்லீவ் அடித்தால் அது இன்னொரு முறை ஓடும்.